பீட் பெஸ்ட்டின் அம்மாவுக்கு அரை வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பீட் பெஸ்ட் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கோபமாக. 1941 நவம்பரில் மெட்ராஸில் பிறந்த ஒருவர் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவில் இரண்டு வருஷம் டிரம்ஸ் வாசித்தார் என்று நம் ஆட்களுக்கு எடுத்துச் சொன்னதற்கு முதலில் நன்றி. இதைச் சொல்லி நம்பவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் கட்டுரை முழுக்க 'துரதிர்ஷ்டசாலி', 'கோட்டைவிட்டவர்' என்பதைத் தவிர வேறு சேதியே இல்லை. அவர் அம்மாவைப் பற்றி 'ஒரு காபிக் கடை நடத்திவந்தார்' என்று அரை வரி. கூடவே போட்டிருந்த படத்தின் கீழே 'பீட்டில்ஸ் முதன்முதலில் வாசித்த கேவர்ன் நிலவறை' என்று இருந்தது. படத்தில் இருப்பது லிவர்பூல் ஊரின் கேவர்ன் கிளப் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் எழுபது தாண்டியவன். வடசென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினொரு வருஷம் பேங்கோஸ் வாசித்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, கிளப் ஆண்டுவிழா என்று போவோம். கச்சேரி கிடைப்பதைவிட ஒத்திகைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எங்கே ஆரம்பித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். கடைசியில் எங்கள் கீபோர்டுக்காரனின் பெரியம்மா தன் வீட்டுப் பின்கட்டைத் திறந்துவிட்டார், அதோடு நடுவில் டீயும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பின்கட்டு இல்லையென்றால் அந்தக் குழுவே இல்லை. அதனால்தான் லிவர்பூலில் ஒரு அம்மா தன் வீட்டு நிலவறையைத் திறந்துவிட்ட கதையை அரை வரியில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

பீட்டின் அம்மா மோனா பெஸ்ட் டெல்லியில் பிறந்தவர். அவருடைய அப்பா ராணுவத்தில் மேஜர். பீட்டின் சொந்த அப்பா கப்பல் இன்ஜினியர், இரண்டாம் உலகப் போரில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு இருந்த மோனா அப்புறம் ஜானி பெஸ்ட் என்ற ராணுவ உடற்பயிற்சி ஆசிரியரை 1944ல் பம்பாயில் கல்யாணம் செய்துகொண்டார். ஜானியின் குடும்பம் லிவர்பூலில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்திய குடும்பம். 1945 கடைசியில் எல்லோரும் 'ஜார்ஜிக்' என்ற கப்பலில் லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்கள். பீட்டுக்கு அப்போது நாலு வயசு. நம் ஊர் வெயிலில் தவழ்ந்த பிள்ளை, குண்டு போட்டு இடிந்து கிடந்த ஒரு துறைமுக ஊரில், அதுவும் குளிர்காலத்தில் போய் இறங்கியிருக்கிறான்.

மோனா துணிச்சல்காரி. 1954ல் நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்தில், தன் நகையை அடகு வைத்து, ஒன்றுக்கு முப்பத்துமூன்று என்ற விகிதத்தில் இருந்த 'நெவர் சே டை' என்ற குதிரைமேல் பணம் கட்டினார். குதிரையை ஓட்டியது லெஸ்டர் பிகட், பதினெட்டு வயசுப் பையன். குதிரை ஜெயித்தது. அந்தப் பணம் லிவர்பூலின் வெஸ்ட் டெர்பி பகுதியில் ஹேமன்ஸ் கிரீன் 8ஆம் எண் வீட்டை வாங்க உதவியது. தோட்டத்தோடு, ஏகப்பட்ட அறைகளோடு, அடியில் பெரிய நிலவறையோடு இருந்த பழைய விக்டோரியா காலத்து வீடு அது. லண்டன் சோஹோவில் இளவட்டங்கள் கூடிப் பாடும் ஒரு காபி பாரைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். நம் வீட்டு நிலவறையிலும் அப்படி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பெயர் காஸ்பா காபி கிளப். உறுப்பினர் கட்டணம் வருஷத்துக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். மது கிடையாது, காபி, கோக், கொறிக்க ஏதாவது, அவ்வளவுதான்.

1959 ஆகஸ்ட் 29ஆம் தேதி திறந்தார்கள். திறப்புக்கு முன்னால் சுவருக்கும் கூரைக்கும் வர்ணம் அடித்தது யாரென்றால், அன்றைக்கு வாசிக்கப்போகிற பையன்களேதான். பிற்பாடு பீட்டில்ஸ் ஆன குவாரிமென் என்ற குழு: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், கென் பிரவுன். நாலு பேரும் கிதார், டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை. லெனனுக்குக் கண் பார்வை சுமார், கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மாட்டார். அவர் சாதா பெயின்ட் என்று நினைத்துப் பளபளக்கும் பெயின்ட்டை எடுத்து அடித்துவிட்டதாகவும் அது திறப்பு நாள் வரைக்கும் காயவில்லை என்றும் அந்த வீட்டில் சொல்வார்கள்.

என் மகள் அந்த நாட்டில் வேலை பார்க்கிறாள். அவளோடு போய் அந்த நிலவறையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். மண்டபம் மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனேன். ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்னச் சின்ன அறைகள், கையை உயர்த்தினால் கூரை தொடும். வாசிக்கிறவர்கள் நின்ற இடம் நம் ஊர் ரேழி அளவு. கூரையில் பால் மெக்கார்ட்னி அடித்த வானவில் பட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் போய்ப் பார்த்தால் பிரஷ் இழுத்த கோடு தெரிகிறது, பட்டை சேரும் இடங்களில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. பதினேழு வயசுப் பையன் அவசரமாக அடித்த வேலை என்று பார்த்ததுமே தெரியும். இன்னொரு இடத்தில் மரத்தில் 'ஜான்' என்று செதுக்கியிருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூட பெஞ்சில் நாம் எல்லோரும் செய்ததுதானே. நான் பேசாமல் நின்றேன். என் மகள் "அப்பா, அழறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சரி, இந்த நிலவறை ஏன் முக்கியம்? ஒரு பதினைந்து ஷில்லிங் விஷயத்தைச் சொல்கிறேன். குவாரிமென் பையன்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே வாசித்தார்கள். ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங், நாலு பேருக்கும் சேர்த்து மூன்று பவுண்டு. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் மேடை ஏறவில்லை என்றாலும் மோனா அவருக்குச் சேரவேண்டிய பதினைந்து ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார். வாசிக்காதவனுக்கு எதற்குக் காசு, எங்கள் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று மற்ற மூவரும் சண்டை போட்டார்கள். மோனா அசையவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். காஸ்பாவுக்குச் சனிக்கிழமை ஆள் வேண்டுமே, அதனால் கென் பிரவுனும் பீட்டும் வேறு இரண்டு நண்பர்களும் சேர்ந்து பிளாக்ஜாக்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். பீட் டிரம்ஸில் உட்கார்ந்தது அப்படித்தான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் பீட்டில்ஸுக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் போக வாய்ப்பு வந்தது, டிரம்மர் இல்லை. காஸ்பா பக்கம் எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு பையன் சொந்த டிரம் செட்டோடு வாசித்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

காய்ச்சலில் கிடந்த ஒரு பையனுக்குக் கொடுத்த பதினைந்து ஷில்லிங்கிலிருந்துதான் பீட் பெஸ்ட் பீட்டில்ஸுக்குள் வந்தார். உங்கள் கட்டுரையாளர் அவர் வெளியே போன நாளை மட்டும் ஒன்றரைப் பத்திக்கு எழுதியிருக்கிறார், உள்ளே வந்த வழியை விட்டுவிட்டார்.

மோனா அதோடு நிற்கவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து திரும்பிய பையன்களுக்கு 1960 டிசம்பரில் முதல் கச்சேரி காஸ்பாவில்தான். அப்புறம் டியூபுரூக், நாட்டி ஆஷ் பகுதிகளில் அரங்கு வாடகைக்கு எடுத்து அவர்களுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். கேவர்ன் முதலாளியிடம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் கேட்டவர்களில் அவரும் ஒருவர். பிரையன் எப்ஸ்டீன் மேனேஜராக வருவதற்கு முன்னால் அந்தக் குழுவுக்காக ஓடியாடியவர் இவர்.

இப்போது ஊரைப் பற்றிக் கொஞ்சம். பீட்டில்ஸ் என்ற ஒரு குழு வானத்திலிருந்து குதித்த மாதிரிதான் நம் பக்கம் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சமயம் லிவர்பூலிலும் மெர்சி ஆற்றின் அக்கரையிலும் நூற்றுக்கணக்கில் குழுக்கள் இருந்தன. தெருவுக்குத் தெரு. ஏன் அப்படி? 1956ல் லோனி டோனெகன் என்பவர் கிளப்பிவிட்ட ஸ்கிஃபிள் மோகம் ஒரு காரணம். ஒரு மலிவு கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் குச்சி நட்டுக் கயிறு கட்டிய பேஸ், இவ்வளவு இருந்தால் குழு ரெடி. இன்னொன்று, கட்டாய ராணுவ சேவை. 1939 அக்டோபரும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களை ராணுவத்துக்குக் கூப்பிடவில்லை. 1940ல் பிறந்த லெனனும், பீட்டுக்குப் பிறகு பீட்டில்ஸ் டிரம்மரான ரிங்கோவும் தப்பித்தார்கள். ஒரு குழுவில் நாலு பேரும் பதினெட்டு வயசுக்கு மேலும் சேர்ந்தே இருக்க முடிந்தது, அது அவர்களுக்கு முந்திய பையன்களுக்குக் கிடைக்காத வசதி. அப்புறம் தவணை. ஊருக்கு நடுவில் ஃபிராங்க் ஹெஸி என்பவரின் இசைக்கருவிக் கடை, மாசாமாசம் கட்டிக்கொள்ளலாம் என்று கிதாரைக் கொடுத்துவிடுவார்கள், கடையில் வேலை பார்த்த ஜிம் கிரெட்டி வாங்க வந்த பையன்களுக்கு கிதாரில் விரல் வைத்து நாலு கார்டு (chord) பிடிக்கவும் சொல்லிக்கொடுப்பார்.

அமெரிக்கா போய்வந்த கப்பல் தொழிலாளிகள் கொண்டுவந்த ரெக்கார்டுகளால்தான் எல்லாம் நடந்தது என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கப்பல் வழியாக ரெக்கார்டும் கிதாரும் வந்தது நிஜம். ஆனால் அந்தப் பையன்கள் வாசித்த அமெரிக்கப் பாட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே ரெக்கார்டாக வெளிவந்தவை. எப்ஸ்டீன் தன் நெம்ஸ் கடையில், யார் எந்த ரெக்கார்டைக் கேட்டாலும் தருவித்துக் கொடுப்பேன் என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார். பையன்கள் அந்தக் கடையில் நின்று கேட்டுக் கேட்டு, ரெக்கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் யாருக்கும் தெரியாத பாட்டாகப் பொறுக்கி எடுத்தார்கள். இன்னொரு குழு வாசிக்காத பாட்டு நம்மிடம் இருக்க வேண்டும், அதுதான் போட்டி. எங்கள் குழுவிலும் இதே போட்டி இருந்தது, அதனால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது.

கேவர்ன் ஆரம்பத்தில் ஜாஸ் கிளப். 1957 ஜனவரியில் மேத்யூ தெருவில், பழக் கிடங்குகள் இருந்த இடத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஆரம்பித்தது. ஸ்கிஃபிளைப் பொறுத்துக்கொள்வார்கள், ராக் அண்ட் ரோல் என்றால் முகம் சுளிப்பார்கள். 1960 தொடக்கத்தில் ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிகேன்ஸ் குழு அங்கே ஜாஸ் ரசிகர்கள் முன்னால் ராக் வாசித்து, கூட்டம் செப்புக் காசுகளை எறிந்து, நிர்வாகம் அபராதமும் போட்டது. அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ. அதே வருஷம் மே மாதம் கேவர்ன், பீட் (beat) என்று அழைக்கப்பட்ட ராக் குழுக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. மதிய இடைவேளையிலும் கச்சேரி. டைப்பிஸ்ட் பெண்களும் கடைப் பையன்களும் சாப்பாட்டு நேரத்தில் படி இறங்கிப் போவார்கள். செங்கல் வளைவுகளோடு சுரங்கப்பாதை மாதிரி மூன்று நீள அறைகள், காற்று வர வழியில்லை, வியர்வை ஆவியாகிக் கூரையில் போய்த் திரும்பச் சொட்டும், அதோடு அழுகிய பழ வாசனையும் கிருமிநாசினி வாசனையும். ஆபீசுக்குத் திரும்பிப் போனால் எங்கே போய்வந்தாய் என்று யாரும் கேட்கவே வேண்டாம், உடுப்பு வாசனையே சொல்லிவிடும். பீட்டில்ஸ் என்ற பெயரில் அவர்கள் அங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரியில். காஸ்பா திறந்து ஒன்றரை வருஷம் கழித்து.

ஆசிரியரான உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இது பத்திரிகை சம்பந்தப்பட்டது. அந்த ஊர்க் குழுக்களை ஒரு கூட்டமாகத் தங்களுக்கே அடையாளம் காட்டியது ஒரு பத்திரிகை. லெனனோடு ஓவியக் கல்லூரியில் படித்த பில் ஹாரி, ஐம்பது பவுண்டு கடன் வாங்கி, 1961 ஜூலை 6ல் 'மெர்சி பீட்' என்ற பெயரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பத்திரிகையைத் தொடங்கினார். விலை மூன்று பென்ஸ். முதல் இதழ் ஐயாயிரம் பிரதி, எல்லாம் விற்றுப்போயிற்று. பிற்பாடு அவரைக் கல்யாணம் செய்துகொண்ட வர்ஜீனியாவும் அவரும்தான் முழு அலுவலகம். எந்த அரங்கில் எந்தக் குழு, யார் எந்தக் குழுவிலிருந்து எதற்குப் போனார், யாருக்குப் புது ஆம்ப்ளிஃபயர், எல்லாம் வரும். 1962 ஜனவரியில் வாசகர் ஓட்டு நடத்தினார்கள். பீட்டில்ஸ் முதலிடம், ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் இரண்டாமிடம். ரோரி ஸ்டார்ம் குழுவுக்குப் பச்சை மையில் ஒரே கையெழுத்தில் கத்தையாக ஓட்டு வந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டார்கள் என்று பில் ஹாரி சொல்லியிருக்கிறார். எவ்வளவு ஆசை இருந்தால் உட்கார்ந்து அத்தனை கூப்பனையும் எழுதியிருப்பார்கள்!

அந்த ரோரி ஸ்டார்மைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. நிஜப் பெயர் ஆலன் கால்டுவெல். பேசும்போது திக்கும், பாடும்போது திக்கவே திக்காது. உயரமான ஆள், மேடையில் எதைப் பார்த்தாலும் ஏறிவிடுவார். 1962 ஆகஸ்டில் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் விடுமுறை முகாமில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய டிரம்மரை எடுத்துக்கொண்டு போனார்கள் பீட்டில்ஸ். பீட் பெஸ்ட் வேலை போன கதையை எல்லோரும் சொல்கிறார்கள், அதே வாரத்தில் ரோரி குழுவுக்கு டிரம்மர் போனதை யாரும் சொல்வதில்லை. அவர்கள் வெளியிட்ட ரெக்கார்டுகள் கைவிரலில் எண்ணிவிடலாம். 1972ல், முப்பத்துநாலு வயசில் இறந்துபோனார்.

பிக் த்ரீ என்று ஒரு குழு. பெயருக்கேற்ற மாதிரி மூன்றே பேர், சத்தம் பத்துப் பேர் சத்தம். அவர்களில் ஏட்ரியன் பார்பர் என்பவர் தானே ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்தார், ஊரில் அதற்குச் சவப்பெட்டி என்றே பெயர், மற்ற குழுக்களும் கேட்டு வாங்கிப்போனார்கள். சர்ச்சர்ஸ் குழு 1963, 64ல் மூன்று பாட்டுகளை இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அவர்களுடைய அந்தக் கிணுகிணு கிதார் ஒலியை இன்றைக்கு யார் கேட்டாலும் ஆளை நிமிர்த்தும். ரயில்வேயில் வேலை பார்த்த ஜெர்ரி மார்ஸ்டனின் குழுவுக்கு முதல் மூன்று பாட்டும் வரிசையாக முதலிடம், பீட்டில்ஸுக்கே அது நடக்கவில்லை. மூன்றாவது பாட்டு 1945ல் வந்த ஒரு அமெரிக்க மேடை நாடகத்தின் பாட்டு. அதைத்தான் ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் கழுத்துத் துண்டைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாடுகிறார்கள். நம் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துக் கால்பந்து பார்க்கிறார்களே, அவர்கள் கேட்கிற அந்தப் பாட்டு அந்த ஊர்ப் பீட் குழுவின் பதிவிலிருந்து வந்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஒன்று த சான்ட்ஸ். லிவர்பூல் 8 என்று சொல்லும் பகுதியைச் சேர்ந்த ஐந்து கறுப்பினப் பையன்கள். துறைமுக ஊர் என்பதால் பல தலைமுறையாக அங்கே கறுப்பினக் குடும்பங்கள் உண்டு, ஆனால் ஊரின் நடுவில் இருந்த கிளப்புகளில் அவர்களைப் பார்க்க முடியாது. இவர்களிடம் கருவிகள் இல்லை, குரல்கள் மட்டும், அமெரிக்காவின் டூவாப் பாணியில் ஐந்து குரலும் பின்னிப் பின்னிப் போகும். 1962ல் கேவர்னில் இவர்கள் பாடிக் காட்டியபோது பீட்டில்ஸ் அசந்துபோய், நாங்களே உங்களுக்குப் பின்னால் வாசிக்கிறோம் என்று வாசித்தார்கள். அப்புறம் ரெக்கார்டும் போட்டார்கள், ஒன்றும் ஓடவில்லை. காரணம் குரல் இல்லை என்பதை அந்தக் காலத்து இங்கிலாந்தைத் தெரிந்த எவரும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரான எடி அமூ பிற்பாடு தன் தம்பி கிறிஸ் பாடிய ரியல் திங் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் பாட்டு 1976ல் முதலிடம் பிடித்தது. பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொன்று லைவர்பேர்ட்ஸ். லிவர்பூல் ஊரின் சின்னமான பறவைக்கு லைவர் பேர்ட் என்று பெயர், அதிலிருந்து வந்தது. மேரி மெக்லோரி பேஸ், வலேரி கெல் கிதார், பாம் பிர்ச் கிதாரும் பாட்டும், சில்வியா சாண்டர்ஸ் டிரம்ஸ். நாலு பெண்கள், எல்லாக் கருவியையும் அவர்களே வாசித்தார்கள். கேவர்னில் அவர்களைப் பார்த்த லெனன், பொம்பளைப் பிள்ளைகள் கிதார் வாசிக்கிறதில்லை என்றாராம். மேரி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1964ல் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்புக்குப் போனார்கள், அங்கே இரண்டு ஆல்பம் போட்டார்கள், ஜெர்மனியில் அவர்களுடைய ஒரு பாட்டு முதல் ஐந்துக்குள் வந்தது, ஜப்பான் வரைக்கும் போய் வாசித்துவிட்டு 1968ல் கலைந்தார்கள். இதை என் பேத்தியிடம் சொன்னேன், அவள் கிதார் கற்றுக்கொள்கிறாள். "இவங்கள ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

பீட்டை 1962 ஆகஸ்ட் 16ல் நீக்கினார்கள். எப்ஸ்டீன் கூப்பிட்டுச் சொன்னார், மற்ற மூவரும் நேரில் வரவில்லை. கேவர்ன் வாசலில் ரசிகர்கள் 'பீட்தான் வேண்டும், ரிங்கோ வேண்டாம்' என்று கத்தினார்கள், கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண் வீங்கிப்போயிற்று. நன்றாக வாசித்தாரா இல்லையா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. டிரம்ஸ்காரனைக் குழு மாற்றுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முன்வரிசையில் நிற்பவர்களுக்கு அது ஒரு சாயங்காலத்து விஷயம், பின்னால் உட்கார்ந்தவனுக்கு வருஷக்கணக்கு. பீட் அதற்கப்புறம் லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தார். வேலை இழந்து வந்து நின்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். 1995ல் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்தபோது அவர் வாசித்த பாட்டுகளும் அதில் சேர்ந்து, நல்ல பணமும் கிடைத்தது. ஒரு தம்பியோடு சேர்ந்து தன் குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இவரைத் துரதிர்ஷ்டசாலி என்று ஒரு சொல்லில் அடைக்க எனக்குக் கை வராது.

மோனாவும் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 1967ல் பீட்டில்ஸ் தங்களுடைய பிரபலமான ஆல்பத்தின் அட்டைக்காக ராணுவ உடையில் நின்றபோது, லெனன் சட்டையில் குத்திக்கொண்ட பதக்கங்கள் மோனாவின் அப்பாவுடையவை. மகனை நீக்கியவர்கள் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். இந்தியாவில் வேலை பார்த்த ஒரு மேஜரின் பதக்கங்கள் உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கின்றன.

லண்டன் கம்பெனிகள் 1963ல் லிவர்பூலுக்கு ஓடிவந்து, கிடைத்த குழுவையெல்லாம் ஒப்பந்தம் செய்து, இரண்டு வருஷத்தில் பாதிப் பேரைக் கைகழுவிவிட்டுப் போனார்கள். கேவர்ன் 1966ல் கடனில் மூடி, திரும்பத் திறந்து, 1973ல் ரயில் பாதை வேலைக்காக இடித்து மூடப்பட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகள் போவது 1984ல் பழைய செங்கற்கள் கொஞ்சம் சேர்த்துத் திரும்பக் கட்டியது. நானும் போனேன், நன்றாகத்தான் இருந்தது.

காஸ்பாவில் பீட்டில்ஸ் கடைசியாக வாசித்தது 1962 ஜூன் 24. அன்றோடு மோனா அதை மூடினார். ஆனால் யாரும் இடிக்கவில்லை, வர்ணத்தின் மேல் வர்ணம் அடிக்கவில்லை. 2006ல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவும் அறிவித்துவிட்டார்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. லைவர்பேர்ட்ஸ், சான்ட்ஸ், ரோரி ஸ்டார்ம், இவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். இன்னொன்று, போன வாரம் போட்ட அந்தப் படத்தை எடுத்து ஒரு தடவை பாருங்கள். கேவர்னில் மேலே பார்த்தால் செங்கல் வளைவு இருக்கும். உங்கள் படத்தில் மேலே தெரிவது வர்ணப் பட்டைகள். அது வெஸ்ட் டெர்பியில் மோனா பெஸ்ட் வீட்டு நிலவறை, பால் மெக்கார்ட்னி அடித்த கூரை. திருத்தம் போடும்போது தயவுசெய்து அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை வாசகர் ஒருவர்